கண் எத்தனை மெகாபிக்சல்?

'மனிதக் கண் 576 மெகாபிக்சல் கேமராவுக்குச் சமம்' என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இறைவனின் படைப்பைப் பாருங்கள் என்பவர்களும் பரிணாமத்தின் அதிசயத்தைப் பாருங்கள் என்பவர்களும் இதே செய்தியைத்தான் அனுப்புகிறார்கள்.

அந்த எண் யாரோ அடித்துவிட்டது இல்லை. வானியலாளரும் புகைப்படக்காரருமான ராஜர் கிளார்க் போட்ட கணக்கு அது. கண் பார்க்கும் பரப்பு குறுக்கே 120 பாகை, நெடுக்கே 120 பாகை என்று வைத்துக்கொண்டார். ஒரு பாகையை 60 கூறாக்கி, அதில் ஒரு கூற்றின் 0.3 பங்கு வரை கண் பிரித்தறியும் என்று எடுத்தால் வரிசைக்கு 24,000 புள்ளி வரும். 24,000-ஐ 24,000-ஆல் பெருக்கினால் 57 கோடியே 60 லட்சம் புள்ளி; பத்து லட்சம் புள்ளி ஒரு மெகாபிக்சல் என்பதால் 576 மெகாபிக்சல். பெருக்கலில் தப்பில்லை. ஆனால் கண் ஒரே கிளிக்கில் இவ்வளவையும் எடுத்துவிடுவதாக அவர் சொல்லவில்லை. கண் அலைந்து அலைந்து பார்ப்பதையும் மூளை அதைச் சேர்த்துக்கொள்வதையும் வைத்துத்தான் சொன்னார். ஃபார்வர்டு ஆகிற வழியில் அந்த நிபந்தனை உதிர்ந்துபோனது.

உண்மை என்னவென்றால், எந்த ஒரு கணத்திலும் நாம் தெளிவாகப் பார்ப்பது மிகச் சின்ன இடம். கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அந்த நகம் மறைக்கும் இடம், ஏறக்குறைய அவ்வளவுதான். நம்பிக்கை வரவில்லை என்றால் இந்த வரியில் ஒரு சொல்லின் மேல் பார்வையை நிறுத்திக்கொண்டு, கண்ணை நகர்த்தாமல் ஐந்தாறு வரி கீழே உள்ள சொல்லைப் படித்துப் பாருங்கள். அங்கே எழுத்து இருப்பது தெரியும், என்ன எழுத்து என்று தெரியாது.

இவ்வளவு கொஞ்சமாகப் பார்க்கும் கண்ணுக்கு உலகம் எப்படி முழுசாகத் தெரிகிறது? அதற்கு வெளிச்சத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வெளிச்சம் வரும் வழி

கண்ணிலிருந்து ஏதோ ஒரு கதிர் கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை ஏற்படுகிறது என்று பழங்கால கிரேக்க அறிஞர்கள் பலர் நம்பினார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் அதை மறுத்தார். சூரியனை நேராகப் பார்த்தால் கண் வலிக்கிறது. வலிக்க வேண்டுமானால் ஏதோ ஒன்று வெளியிலிருந்து உள்ளே வர வேண்டுமே என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. சூரியனோ விளக்கோ தரும் ஒளி பொருளின் மேல் பட்டு எல்லாத் திசையிலும் சிதறுகிறது. அதில் ஒரு துளி நம் கண்ணுக்குள் வந்து சேர்கிறது.

ஒளி ஒரு மின்காந்த அலை. ரேடியோ, மைக்ரோவேவ், எக்ஸ்-ரே எல்லாம் இதே குடும்பம்தான். வித்தியாசம் அலைநீளத்தில், அதாவது ஓர் அலையின் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரத்தில் இருக்கிறது. சுமார் 380 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ள அலைகள் மட்டுமே நம் கண்ணுக்குத் தெரியும். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. இந்த வரம்புக்குள் நீளமான அலை சிவப்பாகவும் குட்டையான அலை ஊதாவாகவும் தெரிகிறது. சூரிய ஒளியில் இந்த அலைகள் தாராளமாக இருக்கின்றன, தண்ணீரையும் எளிதாகக் கடக்கின்றன. கண்ணுக்குள் இருப்பதும் பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் இரண்டாவது விஷயம் சின்ன விஷயமல்ல.

குவிக்கும் வேலை யாருடையது?

'கண்ணில் ஒளியைக் குவிப்பது எது?' என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் லென்ஸ் என்பார்கள். பெரும்பகுதி வேலையைச் செய்வது லென்ஸ் இல்லை, கண்ணின் முகப்பில் கண்ணாடி போல் நிற்கும் கார்னியா.

குவிக்கும் திறனை டயாப்டர் என்ற அலகில் அளக்கிறார்கள். கண்ணாடிச் சீட்டில் 'பவர்' என்று எழுதுகிறார்களே, அதே எண்தான். கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர். அதில் 40-க்கு மேல் கார்னியாவின் பங்கு. காரணம் எளிது. ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது ஒளியின் வேகம் மாறுவதால்தான் அது வளைகிறது. காற்றிலிருந்து ஈரமான கார்னியாவுக்குள் நுழையும்போது வேக மாற்றம் அதிகம். உள்ளே இருக்கும் லென்ஸுக்கோ இரண்டு பக்கமும் திரவம், அதனால் மாற்றம் கொஞ்சம்.

கிணற்றில் குதித்துத் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எல்லாம் கலங்கலாகத் தெரியும். தண்ணீர் சுத்தமாக இருந்தாலும் அப்படித்தான். கார்னியாவுக்கு முன்னால் காற்று இல்லாமல் போனதால் அதன் திறன் ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. நீச்சல் கண்ணாடி போட்டால் கண்ணுக்கு முன்னால் மறுபடி கொஞ்சம் காற்று நிற்கிறது, காட்சி தெளிகிறது. லேசர் சிகிச்சையில் பவரைச் சரிசெய்ய லென்ஸைத் தொடாமல் கார்னியாவைச் செதுக்குவதும் இதே காரணத்தால்தான்.

அப்படியானால் லென்ஸ் எதற்கு? நுட்பமான திருத்தத்துக்கு. அருகில் உள்ளதைப் பார்க்கும்போது அதைச் சுற்றியுள்ள சிலியரி தசை சுருங்குகிறது, லென்ஸ் தடிக்கிறது, திறன் கூடுகிறது. வயதாக ஆக லென்ஸ் விறைத்துப்போய் தடிக்க மறுக்கிறது. நாற்பதைத் தாண்டியவர்கள் கல்யாணப் பத்திரிகையைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்துப் படிப்பது இதனால்தான். இதுதான் வெள்ளெழுத்து. எல்லாருக்கும் வரும், நோய் இல்லை.

கிட்டப்பார்வை வேறு கதை. அங்கே பெரும்பாலும் விழியின் நீளம்தான் பிரச்சினை. வளர்ந்தவரின் விழி முன்னிருந்து பின்னாக சுமார் 24 மில்லிமீட்டர். அது ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்துவிட்டால், ஒளி விழியின் பின்சுவரில் உள்ள விழித்திரையில் விழாமல் அதற்கு முன்பாகவே குவிந்துவிடும். அதைச் சரிசெய்ய இரண்டரை, மூன்று டயாப்டர் கண்ணாடி தேவைப்படும். கேரட் தின்றால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, கேரட் விழியைக் குட்டையாக்குமா என்பதுதான். குழந்தைகள் வெளியே, பகல் வெளிச்சத்தில் கழிக்கும் நேரம் கூடினால் கிட்டப்பார்வை தொடங்குவது குறைகிறது என்பதற்கு மட்டும் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன.

இதுவரை பார்த்தது முழுக்க இயற்பியல். கார்னியா பெரும்பகுதி குவிக்கிறது, லென்ஸ் திருத்துகிறது, படம் விழித்திரையில் விழுகிறது. தலைகீழாக விழுகிறது.

தலைகீழ்ப் படத்தை மூளை திருப்புகிறதா?

விழித்திரையில் படம் தலைகீழாக விழுகிறது என்று 1604-இல் கெப்ளர் கணக்கிட்டுச் சொன்னார். கோள்கள் சூரியனைச் சுற்றும் பாதையைக் கண்டுபிடித்த அதே கெப்ளர். அப்போதிருந்து 'அப்புறம் மூளை அதை நிமிர்த்துகிறது' என்ற விளக்கமும் கூடவே வருகிறது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த விளக்கம் உதவுவதை விடக் குழப்புவதே அதிகம்.

படத்தை நிமிர்த்தினால் அதை யார் பார்ப்பது? தலைக்குள் ஒரு குட்டி ஆள் திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தால்தான் நிமிர்த்த வேண்டிய தேவையே வரும். அப்படி யாரும் இல்லை. மூளைக்குப் போவது படம் அல்ல, எந்தச் செல் என்ன சொன்னது என்ற செய்தி. விழித்திரையின் கீழ்ப்பகுதிச் செல் செய்தி அனுப்பினால் அது வெளியே மேல்பக்கம் உள்ள ஒன்று என்பது மூளையின் வழக்கம். அந்த வழக்கம் கையோடும் காலோடும் பழகிய வழக்கம். 1890களில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் உலகைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸை நாள் கணக்கில் மாட்டிக்கொண்டு திரிந்தார். முதலில் எதை எடுக்கப் போனாலும் கை தப்பான பக்கம் போனது. சில நாளில் நடையும் கைவேலையும் பழகிவிட்டன.

ஒளி செய்தியாக மாறும் இடம்

விழியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள நரம்புப் படலம்தான் விழித்திரை. இதில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. மங்கல் வெளிச்சத்துக்கானவை குச்சி செல்கள். சுமார் 12 கோடி. பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்குமானவை கூம்பு செல்கள். சுமார் 60 லட்சம்.

ஒரு குச்சி செல்லுக்குள் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பார்வை என்று நாம் சொல்வது தொடங்குவதே இங்குதான். செல்லுக்குள் ரொடாப்சின் என்ற புரதம் அடுக்கடுக்காக இருக்கிறது. அதன் வயிற்றில் ரெட்டினால் என்ற சின்ன மூலக்கூறு வளைந்து படுத்திருக்கிறது. இது வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது. ஒளித்துகள் ஒன்று (ஒளி அலையாக மட்டுமல்ல, துகளாகவும் நடந்துகொள்ளும்) வந்து பட்டதும் அந்த வளைவு சட்டென்று நிமிர்கிறது. ஒரு நொடியை லட்சம் கோடியாகக் கூறுபோட்டால் அதில் ஒரு கூறுக்கும் குறைவான நேரத்தில் இது முடிந்துவிடுகிறது. நிமிர்ந்த மூலக்கூறு புரதத்தின் வடிவத்தை மாற்ற, அது அடுத்த புரதத்தைத் தட்டிவிட, ஒன்று பலவாகப் பெருகிக் கடைசியில் செல்லின் மின்நிலை மாறுகிறது.

இங்கே ஒரு வேடிக்கை. வெளிச்சம் பட்டால் செல் விழித்துக்கொண்டு கத்தும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர்மாறு. இருட்டில்தான் இந்தச் செல்கள் அடுத்த நரம்புக்கு இடைவிடாமல் ரசாயனச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். வெளிச்சம் பட்டதும் அதைக் குறைத்துக்கொள்கின்றன. அந்த மௌனம்தான் செய்தி.

நிமிர்ந்துபோன ரெட்டினால் மறுபடி வளைந்தால்தான் அடுத்த ஒளித்துகளுக்குப் பயன்படும். அந்த மறுவேலைக்கு நேரம் பிடிக்கும். படம் ஆரம்பித்த பிறகு வெயிலிலிருந்து தியேட்டருக்குள் போனால் இருக்கை எண் தெரியாமல் தடவுவதும், கொஞ்சம் கொஞ்சமாகக் கண் பழகுவதும் இதனால்தான். குச்சி செல்கள் முழுத் திறனை எட்ட அரை மணி நேரம் போல ஆகும். உணவில் வைட்டமின் ஏ இல்லாவிட்டால் இந்த மூலப்பொருளே கிடைக்காது, மாலைக்கண் வரும். முருங்கைக்கீரையும் பப்பாளியும் கேரட்டும் கண்ணுக்கு நல்லது என்பது இந்த அர்த்தத்தில் முழு உண்மை. ரெட்டினாலின் இந்தச் சுழற்சியைக் கண்டறிந்த ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் நோபல் பரிசு, இன்னும் இருவருடன் சேர்த்துக் கிடைத்தது.

திரையில் இல்லாத மஞ்சள்

கூம்பு செல்களில் மூன்று ரகம். நீள அலை, நடு அலை, குட்டை அலை ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றும் அதிகமாக அசைந்துகொடுக்கும். சிவப்புக் கூம்பு, பச்சைக் கூம்பு, நீலக் கூம்பு என்று சொல்வது வழக்கம்; ஆனால் 'சிவப்புக் கூம்பு' அதிகம் உணர்வது சிவப்பை அல்ல, மஞ்சள் கலந்த பச்சையை. தனியாக எந்தக் கூம்புக்கும் நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி பட்டது என்பதுதான் அதற்குத் தெரியும். மூன்றின் பதிலையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பிறப்பதுதான் நிறம்.

ஃபோனில் ஒரு மஞ்சள் படத்தைத் திறந்து, திரையில் கடுகளவு தண்ணீர்த் துளி ஒன்றை வையுங்கள். துளி பூதக்கண்ணாடியாக வேலை செய்யும். உள்ளே சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும்தான் தெரியும். மஞ்சள் எங்கேயும் இருக்காது. எலுமிச்சம்பழத்திலிருந்து வரும் ஒளியில் 580 நானோமீட்டரை ஒட்டிய அலைகள் நிஜமாகவே இருக்கின்றன. திரையில் அவை அனேகமாக இல்லை. ஆனாலும் நீள அலைக் கூம்பும் நடு அலைக் கூம்பும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி பதில் சொல்வதால் நமக்கு இரண்டும் மஞ்சள். டிவி, ஃபோன் எல்லாம் இந்த ஓட்டையை வைத்துத்தான் பிழைக்கின்றன.

நிலா வெளிச்சத்தில் கூம்புகள் ஒதுங்கிக்கொள்ள, குச்சிகள் மட்டும் வேலை செய்கின்றன. அவை ஒரே ரகம் என்பதால் ஒப்பிட ஆளில்லை. அதனால் ராத்திரியில் எல்லாம் சாம்பல். சிவப்பு அலைகள் குச்சிகளுக்கு அனேகமாக உறைக்காது என்பதால் சிவப்புச் சேலை கறுப்பாகத் தெரியும்.

சுருக்கமாக: குச்சியும் கூம்பும் ஒளியை ரசாயன மாற்றமாகவும் பிறகு மின் மாற்றமாகவும் ஆக்குகின்றன. நிறம் பொருளில் மட்டும் இல்லை, மூன்று கூம்புகளின் ஒப்பீட்டில் இருக்கிறது.

நகத்தளவு தெளிவு

இப்போது அந்த மெகாபிக்சல் விஷயத்துக்கு வருவோம். விழித்திரையின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது, பெயர் ஃபோவியா. கூம்புகள் இங்கே நெருக்கியடித்து நிற்கின்றன. ஒவ்வொரு கூம்புக்கும் மூளைக்குப் போகத் தனி வழி உண்டு. ஓரத்துக்குப் போகப் போக நூற்றுக்கணக்கான குச்சிகள் ஒரே நரம்பிழையில் தங்கள் செய்தியைக் கொட்டுகின்றன. மொத்தம் பன்னிரண்டரைக் கோடிக்கு மேல் செல்கள், ஆனால் பார்வை நரம்பில் உள்ள இழைகளோ பத்துப் பன்னிரண்டு லட்சம். ஓரப் பார்வையில் நுணுக்கம் இல்லாததற்குக் காரணம் இந்த நெருக்கடி.

கரண்ட் போன ராத்திரியில் டார்ச் அடித்து அறையைப் பார்ப்பது போலத்தான் நாம் பகலிலும் பார்க்கிறோம். ஒளிவட்டம் சின்னது, அதை வேகவேகமாக அங்கும் இங்கும் ஓட்டுகிறோம். கண் நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை தாவுகிறது. எங்கே பார்த்தாலும் தெளிவாக இருப்பதால் எல்லா இடமும் எப்போதும் தெளிவாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

தாவும்போது படம் இழுபட்டுக் கலங்க வேண்டுமே? அந்த நேரத்துக் காட்சியை மூளை அமுக்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். அதையே செல்ஃபி கேமராவில் செய்தால் உங்களுக்கும் தெரியும், ஏனென்றால் ஃபோன் படத்தைக் கொஞ்சம் தாமதமாகக் காட்டுகிறது.

இன்னொரு சோதனை. இரண்டு கட்டைவிரலையும் கை நீட்டி ஒட்டிப் பிடியுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் இடது கட்டைவிரலையே பாருங்கள். வலது கட்டைவிரலை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் விரல் நுனி காணாமல் போகும். நரம்பிழைகள் எல்லாம் சேர்ந்து விழியை விட்டு வெளியேறும் இடம் அது. அங்கே குச்சியும் இல்லை, கூம்பும் இல்லை. குருட்டுப்புள்ளி என்பார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடந்தால்கூட உலகத்தில் ஓட்டை தெரிவதில்லை. சுற்றி இருப்பதை வைத்து மூளை ஒப்பேற்றிவிடுகிறது.

ஃபோவியாவின் நடுமையத்தில் குச்சிகள் கிடையாது. அதனால் மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். மொட்டை மாடியில் வானம் பார்க்கிறவர்களுக்கு இது பழகிய தந்திரம்.

மூளை பார்க்கக் கற்றுக்கொள்கிறது

இடது கண் வலது மூளைக்குப் போகிறது என்று பலர் சொல்வார்கள். அது பாதி சரி. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் பாதி இழைகள் குறுக்கே கடக்கின்றன, மீதி அதே பக்கம் போகின்றன. விளைவாக, இரண்டு கண்ணும் பார்க்கும் இடப்பக்க உலகம் வலது மூளைக்குப் போகிறது, வலப்பக்க உலகம் இடது மூளைக்கு. செய்தி போய்ச் சேரும் பெரிய நிலையம் பின்மண்டையில் இருக்கிறது. அதற்குப் பெயர் பார்வைப் புறணி.

அங்கே என்ன நடக்கிறது என்று 1950களின் கடைசியில் டேவிட் ஹியூபெலும் டோர்ஸ்டன் வீசலும் பூனையை வைத்துத் தேடினார்கள். ஒற்றை நரம்புச் செல்லில் மின்முனையைச் செருகி, கண்ணாடித் தகடுகளில் இருந்த புள்ளிகளைத் திரையில் காட்டினார்கள். செல் அசையவில்லை. தகட்டை மாற்றும்போது திடீரென்று படபடவென்று துடித்தது. அதை எழுப்பியது புள்ளி இல்லை, நகர்ந்த தகட்டின் விளிம்பு திரையில் போட்ட மெல்லிய நிழல்கோடு. அந்தச் செல்லுக்கு வேண்டியிருந்தது குறிப்பிட்ட சாய்வில் உள்ள ஒரு கோடு. மூளை புள்ளிகளைச் சேர்த்துப் படம் வரைவதில்லை, விளிம்புகளையும் சாய்வுகளையும் அசைவுகளையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கிறது என்ற புரிதல் இங்கிருந்துதான் வளர்ந்தது. 1981-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அவர்களுடைய இன்னொரு கண்டுபிடிப்பு நம் வீட்டுக்கே வரும் விஷயம். பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த முதல் சில மாதங்களுக்கு மூடிவைத்தால், பிறகு திறந்தாலும் அந்தக் கண்ணால் பார்க்க முடியவில்லை. விழியில் பழுதில்லை. மூளைச் செல்கள் மற்றக் கண்ணுக்குக் கட்சி மாறிவிட்டன. வளர்ந்த பூனைக்கு அதே காலம் மூடினால் ஒன்றும் ஆகவில்லை.

மனிதர்களிடம்? வடஇந்தியாவில் பிறவிக் கண்புரையோடு வளர்ந்த குழந்தைகளுக்கு அறுவை செய்து பார்வை தரும் 'பிரகாஷ்' என்ற திட்டத்தை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கினார். 1688-இல் அயர்லாந்துக்காரரான வில்லியம் மாலினோ எழுப்பிய கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. தொட்டு மட்டுமே பொருளை அறிந்த ஒருவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியுமா? தெரியவில்லை. கையில் தடவிய கட்டை எது என்று கண்ணால் பார்த்துச் சொல்லக் கேட்டபோது, கட்டு அவிழ்த்த உடனே அந்தக் குழந்தைகளின் பதில் ஊகத்துக்குக் கிட்டத்தான் இருந்தது. ஆனால் சில நாள், சில மாதங்களுக்குள் அந்தத் திறன் வந்துவிட்டது. ஆய்வு 2011-இல் வெளியானது.

சோம்பேறிக் கண் என்று சொல்கிறார்களே, அது பெரும்பாலும் இந்தப் பூனைக்குட்டியின் நிலைதான். மாறுகண் இருந்தாலோ இரண்டு கண்ணின் பவருக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலோ, மூளை ஒரு கண்ணை ஓரங்கட்டிவிடுகிறது. கண்ணாடி மட்டும் போட்டுச் சரியாகாவிட்டால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடி, சோம்பேறிக் கண்ணை வேலை வாங்குகிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் செய்தால் பலன் நன்றாக இருக்கும். பிறகு போகப் போகக் கடினம். சிக்கல் என்னவென்றால், இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது குழந்தை ஓடும், விளையாடும், டிவி பார்க்கும், எந்தக் குறையும் தெரியாது. ஒரு கண்ணை மூடினால் சும்மா இருக்கும் பிள்ளை, மறு கண்ணை மூடினால் கையைத் தட்டிவிட்டு அழுகிறதா என்று பாருங்கள். அழுதால் மூடியது நல்ல கண். தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். அழாவிட்டாலும், பள்ளியில் சேர்க்கும் முன் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.